கீறல் விழாத ஹெல்மெட்

தாமோதரன் வண்டியிலிருந்து விழுந்து இறந்த மறுநாள் துக்கம் விசாரிக்க வந்த ஸ்டோர்ஸ் அதிகாரி ராஜேந்திரன், செருப்பைக் கழற்றியதும் முதலில் ஹெல்மெட்டைத்தான் கேட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பையில் அது இருந்தது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரிடத்தை நகத்தால் சுரண்டினார், அது சேறு. பிறகு சுவரோரம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி லதாவிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. ஒரு கீறல்கூட இல்லை."

அவர் கெட்டவர் இல்லை. எங்கள் நிலையத்தில் ஆறுதல் என்றால் அதுதான்.

சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், சவுக்குத் தோப்புக்குள் இருக்கிறது எங்கள் கடலரிப்பு ஆய்வு நிலையம். கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று அளந்து தில்லிக்கு எழுதுவது எங்கள் வேலை. கடல் வந்துகொண்டுதான் இருக்கிறது. நாங்களும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஹெல்மெட்டைப் பற்றி அரசாங்கம் யோசிப்பதற்குப் பல வருஷம் முன்பே எங்கள் நிலையம் யோசித்துவிட்டது. இரண்டு சக்கர வண்டியில் வருகிற எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட். முன்னாலும் பின்னாலும் கறுப்பில் நம்பர். நம்பர் ஆளுக்கு இல்லை, பதவிக்கு. கேட்டுக்குள் நுழையும்போது முகக் கண்ணாடியை இறக்கியே வைத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. முகத்தை மூடிக்கொண்டால் வருவது யாரென்று எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்குத்தானே நம்பர் கொடுத்திருக்கிறோம் என்பார்கள். காவலாளி முனிசாமி நம்பரைப் பார்ப்பார், கூண்டில் ஒட்டியிருக்கும் பட்டியலில் அதற்கு நேரே உள்ள பெயரை மைக்கில் சொல்வார். உள்ளே நிர்வாக அறையில் அதைக் கேட்டு வருகை போடுவார்கள். ஒலிபெருக்கியின் சத்தம் தோப்பு முழுக்கக் கேட்கும். காலையில் எங்கள் பெயரை நாங்களே கேட்டுக்கொண்டு உள்ளே போவதில் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

லதாவுக்குக் கருணை அடிப்படையில் கணவனின் இடத்திலேயே வேலை கொடுத்தார்கள். கருணைக்கும் தகுதிகாண் காலம் உண்டு. வேலைக்கான உத்தரவோடு மேஜைமேல் அந்த மஞ்சள் ஹெல்மெட்டும் வைக்கப்பட்டிருந்தது. நம்பர் நாற்பத்தொன்று.

"இது அவரோடது சார்" என்றாள் லதா.

"பதவியோடதும்மா" என்றார் ராஜேந்திரன். "அவர் வச்சிருந்தார், இப்ப நீங்க வச்சிருக்கீங்க."

"வேற ஒண்ணு குடுங்க சார். இதை என்னால போட முடியாது."

"பழசு சேதமாகியிருந்தா புதுசு குடுக்கலாம். இது கடைல இருந்து வந்த மாதிரியே இருக்கே."

"கேட் லிஸ்ட்டுல பேராவது மாத்துவீங்களா?"

ராஜேந்திரன் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி ஒப்படைச்சாதான் பேரை எடுக்க முடியும். அவர் இல்லைங்கறது எனக்குத் தெரியும்மா. ஸ்டோர்ஸுக்குத் தெரியாதே."

ஸ்டோர்ஸ் என்றால் அவர்தான். அந்த அறையில் வேறு யாரும் கிடையாது.

லதா வேலையில் சேர்ந்த அன்று காலை நாங்கள் கேண்டீனில் இருந்தோம். தோப்புக்கு மேலே முனிசாமியின் குரல் கேட்டது. "நாப்பத்தொண்ணு. தாமோதரன்." டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரும் கேட்டைத் திரும்பிப் பார்த்தோம். மஞ்சள் ஹெல்மெட் அணிந்த ஓர் உருவம், கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, ஸ்கூட்டியில் மெல்ல உள்ளே வந்தது. வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றி லதாவின் முகம் வெளியே வரும்வரை எங்களில் யாரும் டீயை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அன்று மாலை முனிசாமி அவளை நிறுத்தினார். "தப்பா நெனச்சிக்காதம்மா. லிஸ்ட்டுல அந்தப் பேருதான் கீது. நான் இன்னா பண்றது, சொல்லு. உன் வண்டி வந்துகினு கீறப்பவே எனக்குப் பேஜாராப் பூடுது."

லதா திருக்கழுக்குன்றத்தில் குடியிருந்தாள். மகள் வசுமதி ஐந்தாம் வகுப்பு. அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரத்துக்கு கேட்டுக்குள் வர வேண்டுமென்றால் பஸ்ஸை நம்ப முடியாது. ஸ்கூட்டிதான் வழி. ஸ்கூட்டி என்றால் அந்த ஹெல்மெட்.

அது அவளுக்குப் பெரிது. தலையை வலப்பக்கம் திருப்பினால் ஹெல்மெட் கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பும். உள்ளே தாமோதரன் தேய்த்துக்கொள்ளும் நெல்லிக்காய்த் தைலத்தின் வாசனை அப்படியே இருந்தது. வண்டி ஓடும்போது அவளுடைய மூச்சு கண்ணாடியில் பட்டுத் திரும்பி வேறு யாரோ விடுகிற மூச்சாகக் காதில் விழுந்தது. உப்பங்கழிப் பாலம் தாண்டிய வளைவில்தான் அவன் விழுந்தது. அந்த இடம் வரும்போது காற்று உள்ளே புகுந்து முணுமுணுக்கும். அவள் பயந்தாள். பயத்தோடு, என்ன சொல்கிறான் என்று கேட்பதற்காக வேகத்தைக் குறைத்தாள். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வசுமதிக்கு அப்பாவின் முதுகுப் பக்கம் என்றால் அந்த நம்பர்தான். பின்னால் உட்கார்ந்து நாற்பத்தொன்றை விரலால் எழுதிக்கொண்டே பள்ளிக்குப் போய்ப் பழகியவள். இப்போது அம்மா அதை மாட்டிக்கொண்டால், பையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். வளைவில்கூட அம்மாவைப் பிடிக்க மாட்டாள்.

சேதமானால்தானே புதுசு கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை லதா மொட்டை மாடிக்குப் போய், கீழே இருந்த துவைக்கிற கல்லைக் குறிபார்த்து ஹெல்மெட்டைப் போட்டாள். அது கல்லில் பட்டு எகிறி, முருங்கை மரத்தடியில் போய் நின்றது. கல்லின் ஓரம் பெயர்ந்திருந்தது. ஹெல்மெட்டில் ஒன்றும் இல்லை. மறுபடி மாடி ஏறி, மறுபடி போட்டாள். மூன்றாம் முறை கையை ஓங்கியபோது கீழே வாசலில் வசுமதி நின்றாள்.

"அம்மா, அப்பாவ ஏம்மா கீழ போடற?"

லதா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அதன் பிறகு அவள் அதைக் கீழே போடவில்லை.

அடுத்த வாரம் செங்கல்பட்டுக்குப் போய் ஒரு கடையில் ஹெல்மெட் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பட்டையைக் கட்டிக்கொண்டு தலையை உதறினாள். குனிந்தாள், பின்னாலிருந்து கையால் தள்ளிப் பார்த்தாள். கழன்று வருவதையும் நெற்றியை நசுக்குவதையும் ஒதுக்கினாள். கடைசியில் ஒரு வெள்ளை ஹெல்மெட். உள்ளே கனமான தெர்மோகோல், கன்னத்தை இதமாகப் பிடிக்கிற பஞ்சு. தலையோடு சேர்ந்து திரும்பியது. யாருடைய வாசனையும் அதில் இல்லை. கணவன் இறந்த பிறகு முதல் தடவையாக அவள் வளைவைச் சாதாரணமாகக் கடந்தாள். பள்ளிக்குப் போகும்போது வசுமதி பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேப்பமரம். அங்கே நிறுத்தி வெள்ளையைக் கழற்றிவிட்டு மஞ்சளை மாட்டிக்கொள்வாள். சில வாரம் இப்படிப் போயிற்று. பிறகு யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். நிர்வாகம் விளக்கம் கேட்டது: அனுமதிக்கப்படாத பாதுகாப்பைப் பயன்படுத்தியதற்காக அவளை ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது?

வேலை போனால் வீட்டு வாடகை இல்லை, பள்ளி இல்லை. வசுவைக் கூட்டிக்கொண்டு நாமக்கல்லில் அண்ணன் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். லதா யோசித்து ஒரே வரியில் பதில் எழுதினாள். மஞ்சள் ஹெல்மெட் தலையைக் காப்பாற்றும் என்று நிலையம் சோதித்துச் சொன்னால் அதையே போட்டுக்கொள்கிறேன்.

ஆய்வு நிலையத்திடம் போய் ஆய்வு செய்யச் சொன்னால் என்ன ஆகும். ஒரு குழு போட்டார்கள். சௌகரியமும் பாதுகாப்பும் உள்ள தலைக்கவசத்தைத் தேர்ந்தெடுக்கும் உயர்மட்டக் குழு. தலைவர் முதுநிலை விஞ்ஞானி திருவேங்கடம். அலைகளில் நிபுணர். குழுவில் இருந்த எல்லோரும் காரில் வருகிறவர்கள். அதனால் பாரபட்சம் இருக்காது என்றார்கள்.

முதலில் சௌகரியச் சோதனை. திருவேங்கடம் ஏசி அறையில் ஒவ்வொரு ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் நடத்தினார். நாங்கள் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தோம். வெள்ளை ஹெல்மெட்டைப் போட்டதும் அவர் குரல் அமுங்கிவிட்டது. கழற்றிவிட்டுச் சொன்னார்.

"கன்னத்தை இறுக்கிப் பிடிக்குது. ஒரு அதிகாரியால இதைப் போட்டுக்கிட்டு உத்தரவு போட முடியாது. நாற்பத்தொண்ணு பாருங்க, தலையில இருக்கறதே தெரியலை. கழுத்துப் பட்டைகூடத் தேவையில்லை."

அவர் தலை சிறியது. ஹெல்மெட்டுக்குள் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

ஒருவர் தலை போதாது, நிலையத்தின் சராசரித் தலையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு உறுப்பினர் சொன்னார். தையல்காரர் டேப்போடு எங்களை வரிசையில் நிற்க வைத்து அளந்தார்கள். கூட்டி வகுத்ததில் ஓர் அளவு வந்தது. அந்த அளவுத் தலை எங்களில் ஒருவருக்கும் இல்லை. உயிரோடு இருக்கிற எல்லோரையும் அளந்தாயிற்று, யாருக்கும் இல்லை. மஞ்சள் ஹெல்மெட்டின் உள்ளே டேப்பை ஓட்டினார்கள். இம்மி பிசகாமல் அதே அளவு. குழுவினர் கைதட்டினார்கள். கல்யாணமான புதிதில் ஊட்டிக் கடையில் தாமோதரனுக்குக் குல்லா வாங்கியபோது கடைக்காரர் சொன்ன அளவு அது என்று லதா எங்களிடம் பிறகு சொன்னாள்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனை. தலை வேண்டும். யாரும் முன்வரவில்லை. தேங்காய் வைக்கலாம் என்றபோது, அது தேவைக்கு மேல் கெட்டி, ஊழியர்களைச் சரியாகப் பிரதிபலிக்காது என்று திருவேங்கடம் மறுத்தார். பாலாற்றுப் பக்கமிருந்து வந்து சாலையோரம் விற்கிற தர்பூசணியில் தலையளவுப் பழங்கள் இரண்டு வாங்கி வந்தார்கள். வெள்ளையில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றுமாக வைத்துப் பட்டையைக் கட்டித் தண்ணீர்த் தொட்டியின் உச்சிக்குக் கொண்டுபோனார்கள். நிலையமே கீழே கூடியது.

முதலில் வெள்ளை விழுந்தது. படாரென்று வெடித்து ஓடு இரண்டாகப் பிளந்து தெர்மோகோல் நொறுங்கிச் சிதறியது. "போச்சு" என்றார் ராஜேந்திரன். நொறுங்கிய குப்பைக்குள்ளே பழம் முழுசாக, பச்சையாக உட்கார்ந்திருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு மஞ்சள் விழுந்தது. சிமெண்டுத் தரையில் பட்டு ஓர் ஆள் உயரம் எழும்பி, மறுபடி விழுந்து, உருண்டு உருண்டு ராஜேந்திரனின் காலடியில் வந்து நின்றது. நம்பர் மேலே பார்த்தபடி இருந்தது. ராஜேந்திரன் குனிந்து சுற்றிலும் பார்த்தார். "ஒரு கீறல்கூட இல்லை" என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினோம். கைதட்டிக்கொண்டிருக்கும்போதே முகக் கண்ணாடிக்குக் கீழே சிவப்பாக ஒழுக ஆரம்பித்தது. மெதுவாக வழிந்து, சிமெண்டில் ஓடி, லதாவின் செருப்பு வரை வந்தது. கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது.

திருவேங்கடம் தொண்டையைச் செருமினார். மைக் கொடுத்தார்கள்.

"இன்னிக்கு நாம கண்ணால பார்த்தோம். ஒரு கவசம் சின்ன அதிர்ச்சியைக்கூடத் தாங்காம உடைஞ்சு போச்சு. இன்னொண்ணு எவ்வளவு பெரிய விபத்து நடந்தும் தன்னைத் தான் காப்பாத்திக்கிச்சு. ஒரு நிறுவனத்துக்கு வேண்டியது இந்தக் குணம்தான். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல எனக்கும் இந்தக் குணம்தான் கைகொடுத்திருக்கு. ஆட்கள் வருவாங்க, போவாங்க. கொடுத்த பொருள் கொடுத்த மாதிரி இருக்கணும்."

லதா கையைத் தூக்கினாள். "சார், உள்ள இருந்தது?"

திருவேங்கடம் ராஜேந்திரனைப் பார்த்தார். ராஜேந்திரன் பொறுமையாக விளக்கினார். "பழம் நம்ம ஸ்டோர்ஸ் அயிட்டம் இல்லைம்மா. வெளியில வாங்கினது. அதுக்கு நாம பொறுப்பில்லை." கைக்குட்டையால் நாற்பத்தொன்றைத் துடைத்தார். "கழுவினா போதும், புதுசு."

வெள்ளை தோற்றது, மஞ்சள் வென்றது. எல்லோரும் கலைந்த பிறகு லதா நொறுங்கிய குப்பையிலிருந்து அந்த முழுப் பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் அதை மேஜைமேல் வைத்து வெட்டினாள். வசுமதி எதிரே உட்கார்ந்திருந்தாள். எங்கேயிருந்து விழுந்தது என்று சொன்னதும் நம்பவில்லை.

"அவ்வளவு மேல இருந்தா? அப்ப இது ஏம்மா உடையல?"

"அதோட ஹெல்மெட் உடஞ்சிடுச்சு."

வசுமதி ஒரு துண்டைத் தின்றாள். விதைகளைத் தட்டில் வரிசையாக வைத்தாள். கடைசி விதையையும் வைத்துவிட்டுக் கேட்டாள். "அப்பாவோட ஹெல்மெட்?"

"உடையலடா" என்றாள் லதா.

வென்ற மாதிரியிலேயே எல்லோருக்கும் புது ஹெல்மெட் செய்ய நிலையம் ஆர்டர் கொடுத்தது. மாதிரியில் உள்ளபடியே, எந்த மாற்றமும் இல்லாமல், என்பது நிபந்தனை. செய்தவன் நாணயமானவன். லாரி வந்து நின்றபோது அத்தனை மஞ்சள் ஹெல்மெட்டிலும் முன்னாலும் பின்னாலும் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. திருப்பி அனுப்பலாமா என்று ஸ்டோர்ஸில் யோசித்தார்கள். மாதிரியோடு ஒத்துப்போகிற பொருளை நிராகரிக்க விதி இல்லை. எங்களுக்குக் கொடுத்தார்கள். பழைய ஹெல்மெட்டை வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்தார்கள். லதாவுக்கும் ஒரு புது நாற்பத்தொன்று கிடைத்தது. அவள் கேட்டது இதைத்தானே என்றார் ராஜேந்திரன்.

மறுநாள் காலை நாங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கு வந்தோம். முனிசாமி முதல் வண்டியைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"நாப்பத்தொண்ணு. தாமோதரன்." வண்டி உள்ளே போயிற்று. "நாப்பத்தொண்ணு. தாமோதரன். நாப்பத்தொண்ணு. தாமோதரன்."

தோப்பு முழுக்க அந்தப் பெயர் கேட்டுக்கொண்டே இருந்தது. என் முறை வந்தபோது என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். நான் தாமோதரன் இல்லை என்று சொல்லத் தோன்றியது. ஆனால் கண்ணாடியைத் தூக்கவில்லை. விதி அது.

அன்று நிர்வாகக் கணக்கில் தாமோதரனைத் தவிர எல்லோரும் விடுப்பு. குழு அவசரமாகக் கூடி ஒரு சுற்றறிக்கை விட்டது. நம்பர்களை மாற்றி எழுதுவதற்கான குழு அமைக்கப்படும் வரை, தாமோதரன் என்ற பெயர் பணிக்கு வந்திருப்பதைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளப்படும். நாற்பத்தொன்று அணியாமல் வருகிறவர் வராதவராகக் கருதப்படுவார். எங்களுக்குச் சம்பளம் சரியாக வந்தது. ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

திருக்கழுக்குன்றத்தில் குடியிருக்கிறவர்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாலையில் ஒன்றாகத்தான் திரும்புவோம். லதாவும் எங்களோடு வருவாள். தெரு முனையில் வசுமதி நிற்பதைச் சில நாளாகக் கவனித்தோம். அன்று இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் ஒருவர் பின் ஒருவராக அவளைக் கடந்தோம். அவள் ஒவ்வொரு ஹெல்மெட்டையும் உற்றுப் பார்த்தாள். சில வண்டிகளுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்து நின்றாள். கடைசியில் வந்த ஸ்கூட்டி நின்றபோது, பக்கத்தில் வராமல் தள்ளி நின்றே கேட்டாள்.

"இதுல எதும்மா நீ?"

லதா கண்ணாடியைத் தூக்கினாள். பட்டையை அவிழ்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கழற்றி வண்டியில் மாட்டிவிட்டு, தெருவிலேயே மண்டியிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அவள் செங்கல்பட்டுக்குப் போயிருக்கிறாள். அதற்கு அடுத்த நாள் காலை, எனக்கு முன்னால் கேட்டில் நின்றிருந்த ஸ்கூட்டியில் ஒரு புது வெள்ளை ஹெல்மெட் இருந்தது. நம்பர் இல்லை.

முனிசாமி மைக்கைக் கீழே வைத்தார். "இன்னாம்மா இது? ஹெல்மெட்டு எங்க?"

"தலையிலதான் இருக்கு."

"வூட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா உன்ன. எதுக்கு வம்பு. பொண்ண நெனச்சிப் பாரு."

"அவளை நெனச்சிதான் போட்டிருக்கேன்."

பின்னால் நாங்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்தோம். வருகை நேரம் முடியப்போகிறது.

"நம்பர் இல்லியேம்மா" என்றார் முனிசாமி. கெஞ்சுகிற குரல். "நான் இன்னான்னு சொல்லி உள்ள வுடறது?"

லதா முகக் கண்ணாடியை மேலே தூக்கினாள். அந்த கேட்டில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"லதான்னு சொல்லுங்க."

முனிசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மைக்கை எடுத்தார். பட்டியலைப் பார்க்கவில்லை. "லதா" என்றார். தோப்புக்கு மேலே அந்தப் பெயர் ஒரு தடவை கேட்டது. ஸ்கூட்டி உள்ளே போயிற்று.

அவள் பின்னாலேயே நான் போனேன். எனக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். அன்று காலை அந்த ஒலிபெருக்கியில் உயிரோடு இருக்கிற ஓர் ஆளின் பெயர் கேட்டது அந்த ஒரு தடவைதான்.